கட்டளையா, நோக்கமா? பழைய செர்பியச் சட்டங்களில் ஓர் ஓரெழுத்துச் சொல்

செர்பியப் பேரரசர் ஸ்தெஃபான் துஷான் 1349 மே 21 அன்று, இயேசு விண்ணேறிய திருநாளில், ஸ்கோப்யே நகரில் கூடிய பேரவையில் தம் சட்டத்தொகுப்பை வெளியிட்டார். பைசாந்தியக் கணக்கில் அது உலகம் தோன்றிய 6857ஆம் ஆண்டு. 1354இல் செர்ரெஸ் நகரில் இன்னும் பல பிரிவுகள் சேர்ந்தன. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 பிரிவுகள். மூலப்படி நமக்குக் கிடைக்கவில்லை. ஸ்த்ரூகா, பிரிஸ்ரென் போன்ற ஊர்ப்பெயர்களால் அறியப்படும் கையெழுத்துப் படிகள்தாம் கையில் இருக்கின்றன. அவற்றிலும் எழுத்துக்கூட்டல் படிக்குப் படி மாறும். கீழே நான் காட்டும் வரிகளை அந்த மாறுபாட்டை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

முதல் பிரிவு ஒரே வரிதான்: ‘சிம் ஒப்ரஸொம் தா ஸெ ஒச்சிஸ்தித் ஹ்ரிஸ்தியான்ஸ்த்வொ.’ சிம் ஒப்ரஸொம் என்றால் ‘இவ்வழியால்’. ஹ்ரிஸ்தியான்ஸ்த்வொ என்பது கிறித்தவம். ‘ஸெ ஒச்சிஸ்தித்’ என்றால் ‘தூய்மை பெறும்’. நடுவில் நிற்கும் ‘தா’வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ‘சந்தா’ என்று சொல்லும்போது வரும் ‘தா’வைப் போல அதை ஒலிக்க வேண்டும்.

இன்று பெல்கிரேடில் ஒருவர் காதில் ‘தா’ விழுந்தால், அது பெரும்பாலும் இரண்டு தொடர்களை இணைக்க வந்த சொல். ‘உன்னைப் பார்க்க வந்தேன்’ என்பதற்கு ‘தொஷாவொ ஸாம் தா தெ விதிம்’ என்பார்கள். அங்கே ‘தா’வுக்குப் பின்னால் வருவது வந்ததன் நோக்கம். அந்தப் பழக்கத்தோடு துஷானின் முதல் பிரிவைப் படித்தால் ‘இவ்வழியால் கிறித்தவம் தூய்மை பெறும்பொருட்டு’ என்று கேட்கும். பொருட்டு என்றால் எதன் பொருட்டு, என்ன செய்ய வேண்டும் என்று மனம் அடுத்த தொடருக்குக் காத்திருக்கும். அப்படி ஒன்றும் வராது. வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது. ஏனென்றால் இந்தத் ‘தா’ நோக்கத்தைச் சொல்லவில்லை, ஆணையிடுகிறது. நம் இலக்கணத்தில் இதற்குப் பொருத்தமான பெயர் உண்டு: வியங்கோள். ‘இவ்வழியால் கிறித்தவம் தூய்மை பெறுக’ என்பதே சரியான பொருள்.

பழைய செர்பியச் சட்டமொழியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு மிக முக்கியம் என்று நினைக்கிறேன். கட்டளைக்கும் நோக்கத்துக்கும் சொல் ஒன்றுதான். எது எங்கே என்று அந்தச் சொல் சொல்லித் தராது. யார் எழுவாய், வினை எந்த வகை, முன்னால் எந்த வினை நிற்கிறது என்று சுற்றிலும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மொழி வரலாற்றில் கட்டளைதான் முந்தியது. நோக்கத் தொடர் அதிலிருந்து கிளைத்தது என்று கொள்வதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

ஸ்லாவிய மொழிகளில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய அடுக்கு, பழைய தேவாலய ஸ்லாவிய விவிலிய மொழிபெயர்ப்பு. அதில் ‘தா’ இரண்டு வேலையும் செய்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக, உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்ற இரு வேண்டுதல்களும் ‘தா’வில்தான் தொடங்குகின்றன. எந்தத் தொடரையும் சாராமல் தனித்து நிற்கும் விருப்பம் அது. அதே நூலில் ‘தீர்க்கதரிசியால் உரைக்கப்பட்டது நிறைவேறும்படி’ என்று வருகிற இடங்களிலும் ‘தா’ உண்டு. அங்கே அது கிரேக்க ‘ஹினா’வின் இடத்தில் நிற்கும் நோக்கச் சொல். இரண்டுக்கும் இடையிலான தூரம் பார்வைக்குத் தெரிவதைவிடக் குறைவு. ‘அவனை அனுப்பினேன். அவன் சொல்லட்டும்’ என்று இரு வாக்கியங்களை அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள நிறுத்தம் மறைந்தால் ‘அவன் சொல்லும்படி அனுப்பினேன்’ ஆகிவிடுகிறது. விருப்பம் முந்தைய வினையோடு ஒட்டிக்கொண்டால் நோக்கம் பிறக்கிறது.

அந்தப் பழைய அடுக்கில் நோக்கத்துக்கென்றே தனி வினை வடிவமும் இருந்தது. இலக்கண நூல்களில் சுபைன் என்பார்கள். போ, வா போன்ற இயக்க வினைகளுக்குப் பக்கத்தில் மட்டும் வரும். யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண் தண்ணீர் மொள்ள வருகிறாளே, அங்கே ‘மொள்ள’ என்பதற்கு இந்த வடிவம்தான். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ‘உண்பான் வந்தான்’ என்ற பழைய வான், பான் ஈற்று வினையெச்சம் நினைவுக்கு வரும். இரண்டும் நோக்கத்துக்காகவே இருந்து, பின்னால் பேச்சிலிருந்து மறைந்த வடிவங்கள். செர்பியத்தில் சுபைன் மறைந்தபோது அதன் வேலையில் ஒரு பங்கை ‘-தி’ என்று முடியும் சாதாரண எச்சம் எடுத்துக்கொண்டது. நம் செயவென் எச்சத்துக்கு ஒப்பானது அது. மறுபங்கு ‘தா’வுக்குப் போனது.

எச்சமும் ‘தா’வும் எப்படிப் பிரிந்துகொண்டன என்பதை ஒரு சிறிய ஆவணத்திலேயே பார்த்துவிடலாம். போஸ்னியாவின் ஆட்சியாளர் பான் குலின், 1189 ஆகஸ்ட் 29 அன்று துப்ரோவ்னிக் நகருக்கு ஒரு வணிக உறுதிப் பத்திரம் கொடுத்தார். போஸ்னியர், செர்பியர், குரோவாசியர் மூவருமே தங்கள் எழுத்து வரலாற்றின் தொடக்கத்தில் வைத்துப் பேசும் ஆவணம் இது. அதை எழுதியவர் பெயரும் அதிலேயே இருக்கிறது: எழுத்தர் ராதொயெ. ‘துப்ரோவ்னிக் நகரின் தலைவர் கிர்வாஷுக்கும் நகரத்தார் அனைவருக்கும் சத்தியம் செய்கிறேன்’ என்று குலின் தொடங்குகிறார். என்ன சத்தியம்? ‘பிராவி பிரியாதெல் பிதி வாம்’. உங்களுக்கு உண்மையான நண்பனாய் இருக்க. அப்புறம், உங்களோடு நேர்மையான சமாதானத்தைக் காக்க. ‘பிதி’ (இருக்க), ‘த்ரஜாதி’ (காக்க) எல்லாமே எச்ச வடிவங்கள். சில வரிகள் கழித்து, அவர்கள் என் நாட்டில் இருக்கும்வரை ஆலோசனையும் உதவியும் ‘தாதி’, அதாவது கொடுக்க, என்று வருவதும் எச்சம்தான்.

இவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் மாறுகிறது: ‘இ தா இம் நெ புதெ ஒத் மொயிஹ் செஸ்த்னிகொவ் சிலெ.’ என் அதிகாரிகளால் அவர்களுக்கு வன்முறை நேராதிருக்க. இங்கே மட்டும் எச்சம் இல்லை. ‘தா’வும், இடம் காட்டும் முழு வினையும் வருகின்றன. காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. நண்பனாய் இருப்பவர், சமாதானம் காப்பவர், உதவி தருபவர் எல்லாம் குலினே. உறுதி சொல்பவரும் செய்பவரும் ஒருவராக இருந்தால் எச்சம் போதும். ஆனால் வன்முறை குலினின் செயல் அல்ல. அது அதிகாரிகளிடமிருந்து வரக்கூடியது. எழுவாய் மாறிவிட்டது. எச்சத்துக்கு எழுவாயைச் சுமக்கும் வலு இல்லை. அதனால் ராதொயெ ‘தா’வைப் போட்டு முழு வினையை எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் இந்தப் பாகுபாடு இவ்வளவு தெளிவாக ஒரே பத்தியில் கிடைப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பத்து ஆண்டுகளுக்குள், 1198இல், செர்பிய அரசைத் துறந்து துறவியான ஸ்தெஃபான் நெமான்யா ஆத்தோஸ் மலையில் ஹிலாந்தார் மடத்துக்கு அடிப்படைச் சாசனம் எழுதித் தருகிறார். அதன் முன்னுரை படைப்பிலிருந்து தொடங்குகிறது. ஆதியில் கடவுள் விண்ணையும் மண்ணையும் மனிதரையும் படைத்தார். சிலரைப் பேரரசராகவும் சிலரை இளவரசராகவும் சிலரைத் தலைவராகவும் வைத்தார். ஒவ்வொருவருக்கும் தம் மந்தையை ‘பாஸ்தி’, மேய்க்க, தந்தார், தீங்கிலிருந்து ‘ஸப்லியுஸ்தி’, காக்க, தந்தார். அரசு எதற்காக இருக்கிறது என்பதற்கு நெமான்யா தரும் விடை இது. அதைத் தாங்கி நிற்பவை இரண்டு எச்சங்கள். கொடுப்பவர் கடவுள், மேய்ப்பவர் அரசர். எழுவாய் வேறு வேறுதான். ஆனால் பெறுபவர் ‘ஒவ்வொருவருக்கும்’ என்று வாக்கியத்திலேயே நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். அவரே அடுத்த செயலைச் செய்பவர். அந்தப் பிடி இருப்பதால் எச்சத்தால் இங்கே சமாளிக்க முடிகிறது.

இந்த இரண்டு ஆவணங்களையும் கையில் வைத்துக்கொண்டு துஷானிடம் திரும்பினால், ஒன்றரை நூற்றாண்டில் நடந்த மாற்றம் தெரியும். அவர் சட்டத்தின் 7ஆம் பிரிவு, லத்தீன் திருச்சபைக்கு, அதாவது கத்தோலிக்கத்துக்கு, போனவர்களை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றியது. ‘கிறித்தவம்’ என்று இந்தப் பிரிவு சொல்வது ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத்தைத்தான். அதன் உள்ளடக்கம் இன்றைய நோக்கில் கடுமையானது. இலக்கணத்துக்கு அதைவிட நல்ல சான்று இந்தத் தொகுப்பில் எனக்குத் தெரியவில்லை. தமிழில் அதன் அடுக்கு ஏறத்தாழ இப்படி வரும்: ‘தா’ பெரிய திருச்சபை எல்லாச் சந்தை ஊர்களிலும் தலைமைக் குருக்களை நியமிக்கும், ‘தா’ லத்தீன் நம்பிக்கைக்கு மாறியவர்களை அவர்கள் திருப்புவார்கள், ‘தா’ அவர்களுக்கு ஆன்மிகக் கட்டளை தரும், ‘தா’ ஒவ்வொருவரும் கிறித்தவத்துக்குத் திரும்புவார்.

நான்கு ‘தா’. முதலாவது சந்தேகத்துக்கு இடமில்லாத ஆணை: திருச்சபை குருக்களை நியமிப்பதாக. இரண்டாவதில் வினை பன்மைக்கு மாறுகிறது, ‘வ்ராதெ’. திருச்சபை ஒருமை, ஆகவே திருப்புகிறவர்கள் இப்போதுதான் நியமிக்கப்பட்ட குருக்கள். ஒருவரை நியமிப்பது, அவர் ஒன்றைச் செய்வதற்காக. இது நோக்கத் தொடர்: ‘அவர்கள் திருப்பும்படி’. மூன்றாவதில் வினை மறுபடி ஒருமை. எழுவாய் திருச்சபையிடம் திரும்பிவிட்டது என்று படிப்பதே இயல்பு. அப்படியானால் இது நோக்கத்தின் தொடர்ச்சி அல்ல, இரண்டாவது ஆணை: திருச்சபை கட்டளையும் தரட்டும். நான்காவதில் எழுவாய் ‘ஒவ்வொருவரும்’. அது தனி ஆணையா, அந்த ஆன்மிகக் கட்டளையின் நோக்கமா? இரண்டாகவும் படிக்கலாம். ஆணை என்றால் மதம் மாறிய ஒவ்வொருவர் மீதும் நேரடிக் கடமை விழுகிறது. நோக்கம் என்றால் கடமை திருச்சபையோடு நின்றுவிடுகிறது. முந்தைய 6ஆம் பிரிவு, எச்சரித்தும் திரும்பாதவருக்குத் தண்டனை சொல்கிறது. அதனால் நான் இதை ஆணையாகவே படிக்கிறேன். ஆனால் அந்த முடிவை ‘தா’ எனக்குத் தரவில்லை, பக்கத்துப் பிரிவுதான் தந்தது.

இப்படிப் படிக்கும்போது கைகொடுக்கும் இன்னொரு கருவி ஸ்லாவிய வினைகளின் இரட்டை அமைப்பு. ஒரு செயலை முடிந்த ஒன்றாகப் பார்க்கும் வினை ஒன்று, அதையே நடந்துகொண்டிருப்பதாகவோ திரும்பத் திரும்ப நிகழ்வதாகவோ பார்க்கும் வினை இன்னொன்று. மாறுவது காலம் அல்ல, நோக்கும் விதம். துஷானின் சட்டம் இதை மிகக் கவனமாகக் கையாள்கிறது. பெரிய பிரபு ஒருவர் சிறு பிரபுவை வைதால் ‘தா ப்லாதி’ 100 பெர்ப்பெர் என்கிறது 50ஆம் பிரிவு. பெர்ப்பெர் என்பது அக்கால நாணய அளவு. ப்லாதி முடிவு வினை: ஒருமுறை கட்டினால் தீர்ந்தது. சிறு பிரபு பெரியவரை வைதாலோ அதே 100 பெர்ப்பெரோடு தடியடியும் உண்டு. மாறாக, நிலத்தோடு கட்டுண்ட குடியானவரான மெரொபாஹ் வாரத்துக்கு இரண்டு நாள் நிலத்தலைவருக்கு ‘தா ரபொதாயு’, உழைப்பார்களாக, என்று 68ஆம் பிரிவு சொல்லும்போது வினை தொடர் வகை. அந்தக் கடமைக்கு முடிவே இல்லை. அபராதமும் தண்டனையும் பெரும்பாலும் முடிவு வினையில், நிலையான கடமைகள் பெரும்பாலும் தொடர் வினையில். மேலே பார்த்த 7ஆம் பிரிவிலும் நியமிப்பது முடிவு வினை. கடைசியில் வரும் ‘திரும்புவது’ தொடர் வினை: ஒவ்வொருவராக, மேலும் மேலும் திரும்பிக்கொண்டிருக்கட்டும் என்ற நிழல் அதில் உண்டு.

‘தா’ இவ்வளவு பரவியதால் எச்சம் அழிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. 139ஆம் பிரிவு மெரொபாஹுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. சட்டத்துக்கு மாறாக அவர்களுக்கு எதையும் ‘உச்சினிதி’, செய்ய, நிலத்தலைவனுக்கு உரிமை இல்லை. மீறினால் தன் தலைவனோடும், பேரரசரோடும், பேரரசியோடும், திருச்சபையோடும்கூட வழக்காட மெரொபாஹுக்கு உரிமை உண்டு. ‘வொலன்’ (உரிமையுள்ளவன்) என்ற சொல்லுக்குப் பின் இரண்டு இடத்திலும் எச்சம்தான். உரிமை உடையவரும் செய்பவரும் ஒருவரே. குலின் காலத்து விதி இங்கே அப்படியே நிற்கிறது. ஒரு குடியானவன் பேரரசரை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்று 14ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த வரி, இலக்கணத்தைத் தாண்டியும் படிக்கத் தகுந்தது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். துஷானின் பிரிவுகளில் உண்மையான நோக்கத் தொடர்கள் குறைவு. ‘இப்படி நடந்தால், இப்படிச் செய்வதாக’ என்பதே பெரும்பாலான பிரிவுகளின் வார்ப்பு. ஏன் அப்படி என்று அவை சொல்வதில்லை. 69ஆம் பிரிவு எளிய மக்கள் கூட்டம் கூடுவதைத் தடுக்கிறது. கூடினால் காது அறுபடும், தூண்டியவர்களுக்குச் சூடு. எதற்காக இவ்வளவு கடுமை என்று ஒரு சொல்கூட இல்லை. ஏனென்று சொல்லும் இடம் வேறு. சாசனங்களின் முன்னுரைகளில்தான் அரசர்கள் விளக்கம் தருகிறார்கள்: ஆன்ம மீட்புக்காக, முன்னோர் நினைவுக்காக, மடம் நிலைத்திருக்கும்பொருட்டு. அங்கே மொழியும் மாறுகிறது. சட்டப் பிரிவுகள் மக்கள் பேச்சுக்கு நெருக்கமானவை. முன்னுரைகளோ கிரேக்க வாக்கிய அமைப்பின் பின்னால் போகும் தேவாலய ஸ்லாவியத்தில் இருக்கும். ‘யாகொ தா’ போன்ற கனத்த இணைப்புச் சொற்கள் அங்கேதான் வரும்.

இந்தக் கனத்த நடையின் பெரிய ஊற்று, புனித சாவா 1219ஐ ஒட்டித் தொகுத்த நொமொகானொன். திருச்சபைச் சட்டமும் பைசாந்தியக் குடிமைச் சட்டமும் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பெருநூல் அது. 1262ஆம் ஆண்டின் இலொவித்ஸா படி அதன் புகழ்பெற்ற சாட்சி. கிரேக்கத்தில் எச்சத்துக்கு முன்னால் ஒரு சுட்டுச்சொல்லை வைத்து அதைப் பெயர்போல ஆக்கி நோக்கம் சொல்லும் வழக்கம் உண்டு. தேவாலய ஸ்லாவிய மொழிபெயர்ப்பாளர்கள் ‘யெஜெ’ என்ற சொல்லை முன்னால் நிறுத்தி அதை அப்படியே பின்பற்றினார்கள். சந்தையில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். ஆக, ஒரே நாட்டில் ஒரே நூற்றாண்டில் இரண்டு சட்டமொழிகள் அருகருகே நடந்தன. ஒன்று மொழிபெயர்ப்பில் பிறந்து காரணம் சொல்லும். மற்றது மக்கள் வாயிலிருந்து வந்து ஆணையிடும்.

சாசனங்களின் கடைசியில் வரும் சாபப் பகுதியும் ‘தா’வின் வீடுதான். இந்தக் கொடையை மீறுகிறவன் ‘தா யெஸ்த் ப்ரொக்லெத்’, சபிக்கப்பட்டவன் ஆவானாக. ஜெபத்தில் வேண்டுதல், சாபத்தில் அழைப்பு, சட்டத்தில் ஆணை. மூன்றுக்கும் ஒரே வடிவம் இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. மூன்றுமே பேசுபவர் இன்னொருவர் செயலைச் சொல்லால் நிகழ்த்த முயலும் இடங்கள்.

துஷானின் சட்டத்தில் மிகப் புகழ்பெற்ற இரண்டு பிரிவுகளை இந்த வெளிச்சத்தில் படித்தால் அவற்றின் வலு கூடுகிறது. 171ஆம் பிரிவு: கோபத்தாலோ அன்பாலோ ஒருவர் மீதுள்ள இரக்கத்தாலோ பேரரசர் ஒரு கடிதம் எழுதி, அது சட்டத்தை உடைப்பதாக இருந்தால், நீதிபதிகள் அந்தக் கடிதத்தை ‘தா நெ வெருயு’, நம்பாதிருக்க, நீதிப்படியே ‘தா ஸுதெ’, தீர்ப்பளிக்க. 172 அதைச் சுருக்கிச் சொல்கிறது: நீதிபதிகள் சட்டத்தில் எழுதியபடி நேர்மையாகத் தீர்ப்பளிப்பார்களாக, ‘அ தா நெ ஸுதெ பொ ஸ்த்ராஹு த்ஸார்ஸ்த்வா மி’, என் பேரரசின் மீதுள்ள அச்சத்தால் தீர்ப்பளிக்காதிருப்பார்களாக. இரண்டிலும் வினை தொடர் வகை, நிலையான கடமை. இன்றைய செவி இந்தத் ‘தா நெ’யைக் கேட்டு ‘தீர்ப்பளிக்காமல் இருக்கும்பொருட்டு’ என்று நோக்கமாக எடுத்துக்கொண்டால், பேரரசர் ஏதோ ஒரு நல்லெண்ணத்தைத் தெரிவித்தார் என்ற அளவில் அது சுருங்கிப்போகும். தனித்து நிற்கும் ஆணையாகப் படித்தால்தான், தன் கைக்கடிதத்தையே தன் சட்டத்துக்குக் கீழே வைத்த ஆட்சியாளரின் சொல் முழு எடையோடு விளங்கும்.

சரி, கட்டளையில் பிறந்த ‘தா’ எப்படி இன்றைய செர்பியத்தில் எச்சத்தின் இடத்தையெல்லாம் பிடித்தது? பால்கன் தீபகற்பம் முழுவதும் நடந்த பெரிய மாற்றத்தின் ஒரு பகுதி அது. கிரேக்கம் தன் எச்சத்தை இழந்து, ‘ஹினா’விலிருந்து தேய்ந்த ‘நா’வை வைத்துக்கொண்டது. பல்கேரியமும் மாசிதோனியமும் ‘தா’வுக்கே முழுவதும் போய்விட்டன. ருமேனியத்தில் ‘ஸ’வும் அல்பேனியத்தில் ‘த’வும் இதற்கு ஒப்பான வேலையைச் செய்கின்றன. வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் நூற்றாண்டுகளாக ஒரே சந்தைகளில், ஒரே மலைப்பாதைகளில் கலந்து பேசப்பட்டதன் விளைவு. செர்பியம் இந்த நிலப்பரப்பின் நடுவில் நிற்கிறது. எச்சம் இன்னும் இருக்கிறது, ஆனால் ‘வேலை செய்ய விரும்புகிறேன்’ என்பதற்குப் பெல்கிரேடில் ‘ஹொச்சு தா ராதிம்’ என்பதே இயல்பு. மேற்கே குரோவாசியாவின் சாக்ரெபில் ‘ஹொச்சு ராதிதி’ என்று எச்சத்தில் சொல்வார்கள். எழுவாய் மாறாத இடத்தில் எச்சம் என்று ராதொயெ கடைப்பிடித்த எல்லையை, கிழக்கத்திப் பேச்சு தாண்டிவிட்டது.

இப்படிப் பல வேலைகள் ஒரே சொல்லின் மேல் விழுந்தபோது, நோக்கத்தைத் தெளிவாகப் பிரித்துக்காட்டும் வேறு வழிகளுக்கு மதிப்புக் கூடியது. ‘தா பி’, ‘காகொ பி’ என்ற அமைப்புகள் அப்படிப்பட்டவை. ‘பி’ என்பது ‘அப்படி ஆகக்கூடும்’ என்ற சாயலைத் தரும் துணைச்சொல். ‘தா பி’ புதிதாகப் பிறந்தது அல்ல, பழைய தேவாலய ஸ்லாவியத்திலேயே உண்டு. ஆனால் இன்று ஒருவர் ‘தா பி’ என்று ஆரம்பித்து முதன்மைத் தொடரோடு இணைத்தால், வருவது நோக்கம் என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் ஐயம் இருக்காது.

19ஆம் நூற்றாண்டில் செர்பியா மீண்டும் சட்டம் எழுதத் தொடங்கியபோது துஷானின் வார்ப்பு திரும்பி வரவில்லை. 1844இன் குடிமைச் சட்டத்தை எழுதிய யொவான் ஹாஜிச், 1811ஆம் ஆண்டின் ஆஸ்திரியக் குடிமைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டார். வுக் கராஜிச்சின் மக்கள்மொழிச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர்களில் ஹாஜிச் முன்வரிசை. அந்த இழுபறி அவர் சட்டத்தின் மொழியிலும் தெரியும். மாறாக, மாண்டிநீக்ரோவுக்காக 1888இல் வெளிவந்த பொதுச் சொத்துச் சட்டத்தை எழுதிய வல்தஸார் பொகிஷிச், ஊர் ஊராக மக்கள் வழக்கங்களைக் கேட்டுச் சேர்த்தவர். படிக்காத குடியானவனுக்கும் சட்டம் புரிய வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். காரணம் சொல்வதற்கு அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. சட்டத்தின் இறுதியில் பழமொழி போன்ற சட்ட வாசகங்களைத் தொகுத்துத் தனிப் பகுதியாக வைத்தார். இவை சட்டத்தை மாற்றவும் முடியாது, சட்டத்துக்குப் பதிலாக நிற்கவும் முடியாது, அதன் காரணத்தையும் பொருளையும் விளக்க மட்டுமே உதவும் என்று அந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே எழுதினார். ‘கோணலாகப் பிறந்ததைக் காலம் நிமிர்த்தாது’ என்பது அவற்றில் ஒன்று. கட்டளை ஒரு பக்கம், காரணம் ஒரு பக்கம் என்று வெளிப்படையாகவே பிரித்துவிட்டார்.

இன்றைய செர்பியச் சட்டத்தில் தனித்து நிற்கும் ஆணைத் ‘தா’ கிடையாது. குற்றவியல் சட்டம் ‘கஸ்னிச்செ ஸெ’, தண்டிக்கப்படுவார், என்று எதிர்காலத்தில் பேசுகிறது. கடமைகளை நிகழ்கால வினையோ ‘கடமைப்பட்டவர்’ என்ற சொல்லோ சொல்லிவிடுகிறது. எஞ்சிய ‘தா’ முழுக்கச் சார்புத் தொடருக்கு உரியதாகிவிட்டது. நோக்கத்தைச் சொல்லவோ பெரும்பாலும் வினையே தேவைப்படுவதில்லை. ‘ராதி’ என்ற சொல்லை வைத்து ஒரு தொழிற்பெயரைப் பின்னால் சேர்த்தால் போதும்: ‘ராதி ஸாஷ்தீதெ’, பாதுகாப்பின் பொருட்டு. ‘ராதி’ நோக்கத்துக்கு, ‘ஸ்பொக்’ காரணத்துக்கு என்று மொழிநடைக் கையேடுகள் இன்றும் வலியுறுத்தும். இரண்டையும் கலந்து எழுதும் பழக்கம் அலுவலக மொழியில் ஓயவில்லை. ‘உ த்ஸில்யு’, அதாவது ‘நோக்கத்தில்’, என்ற நீட்டலையும் அந்தக் கையேடுகள் விரும்புவதில்லை.

இந்த மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போன ஒன்று உண்டு. ‘தா’வுக்குப் பின்னால் வருவது முழு வினை. அதற்கு ஒருமை பன்மை உண்டு, தன்மை முன்னிலை படர்க்கை உண்டு. முடிவு வினையா தொடர் வினையா என்பதும் அதில் தெரிந்துவிடும். யார் செய்ய வேண்டும், ஒருமுறையா எப்போதுமா என்ற இரண்டு கேள்விக்கும் அதன் ஈற்றிலும் வகையிலும் விடை கிடைக்கும். ‘பாதுகாப்பின் பொருட்டு’ என்ற தொழிற்பெயருக்கு எழுவாய் இல்லை. பாதுகாப்பது அமைச்சகமா, நகராட்சியா, நீதிமன்றமா என்பதை வேறொரு பிரிவில்தான் தேட வேண்டும். சில சட்டங்களில் அந்தப் பிரிவே இருப்பதில்லை.